புகை காட்டிய வெடிப்பு

அந்த மெக்கானிக்கை எல்லோரும் ‘பாம்புக்காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி தெருமுனை திரும்பும்போதே, "மூணாவது சிலிண்டர்ல பிளக் போச்சு" என்பார். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும்.

ஆறு மாதத்துக்கு முன் அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல். போகும்போது அது சும்மா போகவில்லை. வலது காதை முழுசாகவும் இடது காதைப் பாதியாகவும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து உலகம் அவருக்குத் தண்ணீருக்கு அடியில் இருந்தது. சிமெண்ட் தரையில் விழுந்த ஸ்பேனர் பஞ்சில் விழுந்தது போல விழுந்தது. ஒர்க்‌ஷாப்பைச் சேர்ந்து நடத்தும் தங்கையிடம்கூட அவர் சொல்லவில்லை. பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சமாளித்தார்.

அன்று மதியம் அந்த மலையூரில் மேகம் தெருவரைக்கும் இறங்கியிருந்தது. அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒரு பழைய கார் மெல்ல வெளிப்பட்டு வாசலில் நின்றது. இறங்கிய பெண் கதவைச் சாத்தக்கூட இல்லை.

"அண்ணே, இன்ஜினை ஆஃப் பண்ணிடாதீங்க. பின்னாடி குழந்தை. எட்டு மாசம். வண்டி ஓடினாத்தான் தூங்குறான்."

"என்னம்மா பிரச்சினை?" என்று தங்கை வந்தாள்.

"இன்ஜின் லைட் எரியுது. ஒரு இடத்துல சென்சார் மாத்தினாங்க. மூணாம் நாளே திரும்ப எரியுது. சிக்னல்ல நின்னா வண்டி குலுங்குது, இவன் முழிச்சுக்கிறான். நான் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு."

தங்கை ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினாள். "காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மின்னு எரர் கோடு வந்திருக்கு."

"அப்போ பெட்ரோல் பம்ப் போச்சா?"

"அப்படிச் சொல்ல முடியாது. கோடு காய்ச்சல் மாதிரி. உடம்பு சரியில்லைன்னு சொல்லும், எதனாலன்னு சொல்லாது."

வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது, அதை ஈடுகட்ட இன்ஜின் வழக்கத்தைவிட இருபத்துநாலு சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விட்டுக்கொள்வதாக ஸ்கேனர் காட்டியது. தங்கை ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அது ஐந்துக்கு இறங்கியது. காலை எடுத்தாள், மறுபடி இருபத்துநாலு.

"பம்ப் வீக்கா இருந்தா வேகத்துலதான் மூச்சு வாங்கும். இது நிக்கும்போதுதான் திணறுது. கணக்குல வராத காத்து எங்கேயோ உள்ள போகுது, அண்ணா."

அப்படிப் போகும் காற்று சீறும். ஒரு வருடம் முன்பென்றால் வாசலில் நின்றே இடத்தைச் சொல்லியிருப்பார். இப்போது ரப்பர் குழாயின் ஒரு முனையை இடது காதில் வைத்து, மறுமுனையால் இன்ஜினெங்கும் தேடினார். எல்லா இடத்திலும் ஒரே ஆழ்கடல் முழக்கம். கடைசியில், பிரேக்குக்குப் போகும் ஹோஸைக் காட்டினார். "இதுதான். மாத்திடலாம்."

தங்கை அந்த ஹோஸை இடுக்கியால் நெரித்துப் பார்த்தாள். ஸ்கேனரில் எண் அசையவில்லை; ஓட்டை அதில் இல்லை. பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "அண்ணா" என்றாள். இன்னும் சத்தமாக, "அண்ணா!" அவர் திரும்பவில்லை. அவள் சுற்றிவந்து முகத்துக்கு நேரே நின்றாள்.

"உனக்குக் கேக்கலை, இல்ல?"

அவர் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"காய்ச்சல் விட்ட மறுநாளே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுக்கிட்டு இருந்தே. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

கூச்சம் வரும் என்று நினைத்தார். வரவில்லை. ஆறு மாதமாகத் தலையில் தாங்கிய மூட்டையை யாரோ கைகொடுத்து இறக்கிவைத்ததுபோல் கழுத்து லேசாயிற்று.

"இப்போ என்ன பண்றது?" என்றார்.

"காது போனா என்ன, கண்ணு இருக்குல்ல? அந்தப் புகை மெஷினை எடு."

அவள் வாங்கியபோது, "புகை போட இது என்ன, கொசு மருந்தா?" என்று சிரித்தவர் அவர்தான். பெட்டியின் ஒட்டுநாடாகூடப் பிரியாமல் இருந்தது.

வண்டியை உள்ளே கொண்டுவந்து இன்ஜினை நிறுத்தினார்கள். சொன்னதுபோலவே குழந்தை விழித்தது. அம்மா அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே, கூரைச் சார்ப்பின் கீழ் போய் நின்று அங்கிருந்தே எட்டிப் பார்த்தாள். தங்கை காற்றுப் பாதையின் வாயை அடைத்து, மெஷினின் குழாயை அதில் செருகினாள். இன்ஜினுக்குள் புகை நிறைய ஆரம்பித்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. கூரையின் கண்ணாடித் தகட்டின் வழியே பால் நிற வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அழ வாயைத் திறந்த குழந்தையும், பெரியவர்களின் முகத்தைப் பார்த்து அதை மறந்துவிட்டது.

இன்ஜினின் பின்புறம், கை எட்டாத இருட்டிலிருந்து, ஒரு வெள்ளை நூல் எழுந்தது. அவசரமே இல்லாமல் நெளிந்து, ஒருமுறை சுருண்டு, கூரை வெளிச்சத்தில் கரைந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. அவர் தன்னை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கேட்டே பழகிய சீறலுக்கு இப்படி ஓர் உருவம் இருக்கும் என்று அவர் எண்ணியதேயில்லை.

"அங்கே!" என்றார், சின்னப் பையனைப்போல.

டார்ச்சையும் கைக்கண்ணாடியையும் உள்ளே விட்டுப் பார்த்தார்கள். முழங்கைபோல் வளைந்த ஒரு ரப்பர் ஹோஸ். அடிப்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில், உதடு பிளந்ததுபோல் வெடிப்பு. அவர் கையை நெளித்து உள்ளே விட்டு, கிளிப்பைத் தளர்த்தி அதைக் கழற்றி, புதுசைப் பொருத்தினார். மறுபடி புகை விட்டார்கள். நூல் எழவில்லை. ஸ்கேனரில் எரர் கோடை அழித்து வண்டியைக் கிளப்பியதும் எண் இரண்டில் வந்து நின்றது. குலுக்கல் இல்லை.

"கொஞ்ச தூரம் ஓட்டிப் பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்" என்றாள் தங்கை.

அவள் ஓட்டினாள். பெண் முன்னால் உட்கார்ந்தாள். அவர் பின்னால், குழந்தையின் பக்கத்தில். மேகம் கண்ணாடியைத் தடவிப் போயிற்று. மரங்கள் பாதி தெரிந்து பாதி மறைந்தன. முன்னால் தொங்கிய சிறு கண்ணாடியில் தங்கையின் உதடுகள் அசைந்தன.

"திங்கக்கிழமை காது டாக்டர்கிட்ட போறோம். சாக்கு சொல்லக் கூடாது."

"சரி" என்றார்.

காதுக்கு வராத இன்ஜின், இருக்கை வழியாக முதுகுத்தண்டுக்குள் வந்து சீராக முணுமுணுத்தது. குழந்தை அவருடைய சுண்டுவிரலைப் பிடித்தபடி கண்ணை மூடியது. அவருக்கும் இமை கனத்தது.

இன்ஜின் லைட் எரியவில்லை. ஓட்டிப் பார்க்கும் வண்டிகளை வழக்கமாகத் திருப்பும் இடம் வந்தது. தங்கை, "திரும்பலாமா?" என்று கேட்டாள். பின்னால் அண்ணனும் குழந்தையும் உறங்கிப்போயிருந்தார்கள். பக்கத்தில் அந்தப் பெண்ணும் ஜன்னல் கண்ணாடியில் தலைசாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

தங்கை திரும்பாமல் நேரே போனாள்.