ஸ்மித் இருந்திருந்தால்

பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவர் ஜோன் ஸ்மித் மாரடைப்பில் இறந்த மூன்றாம் நாள், சனிக்கிழமை பகல். கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷனில், பேரின்பநாதனின் தெப்பனர் என்ற சில்லறைக் கடைக்குள், பால் பெட்டிகளுக்கும் லொத்தர் சீட்டுகளுக்கும் நடுவே டெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள் மாக்கிரட். மறுமுனையில், லண்டனில், அவளுக்கு நிச்சயித்த எமிலியானுஸ் அழுதுகொண்டிருந்தான். சொந்தப் பெரியப்பா செத்ததற்குக்கூட அவன் இப்படி அழவில்லை.

"தொண்ணூற்றிரண்டு எலெக்சனிலேயே இந்த மனுசனைத் தலைவராப் போட்டிருந்தா கட்சி வெண்டிருக்கும். என்ர அகதிக் கேசும் வெண்டிருக்கும். நீர் இப்ப ஈஸ்ட்ஹாமில இருந்திருப்பீர்."

"ஓம், இருந்திருப்பன். இப்ப ஷபனெல் பக்டறியில கோட்டுக்குப் பொத்தான் தைக்கிறன்."

கல்லாவில் நின்ற பேரின்பநாதன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

நிச்சயமாகி மூன்று வருடம். முதலில் "எலெக்சன் முடியட்டும்" என்றான். கட்சி தோற்றது. ஸ்மித் தலைவரானார். "அடுத்த முறை இவர்தான், இவர் வந்தால் எங்களுக்குக் கதவு திறக்கும்" என்றான். கனடாவுக்கு அவனைக் கூப்பிட அவள் அனுப்பிய பத்திரத்தில் அவன் வைக்கவேண்டியது ஒரேயொரு கையெழுத்து. நாலு மாதமாக அது அவன் தலையணைக்கடியில் கிடக்கிறது. திங்கட்கிழமை கடைசி நாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஸ்மித் வென்ற அந்தக் கனவு இங்கிலாந்தில் அவளும் எத்தனையோ இரவு குடியிருந்திருக்கிறாள். அங்கே ஒரு சமையலறை, அடுப்படியில் தவழும் ஒரு பிள்ளை. ஆனால் அவன் விசும்பலைக் கேட்டபோது அந்த வீட்டுக்குள்ளும் இவன் ஜன்னலருகே ரேடியோவோடு உட்கார்ந்து, அடுத்த மந்திரிசபைக்காகக் காத்திருப்பது பளிச்சென்று தெரிந்தது.

"மூண்டு நாலு பேரின்ர பேர் அடிபடுது, மாக்கிரட். ஆர் தலைவரா வாறார் எண்டு பாத்திட்டு..."

"நீங்கள் ஆரைக் கட்டப்போறியள்? என்னையோ, கட்சித் தலைவரையோ?"

லண்டன் மூக்கைச் சிந்தியது.

"அங்கை விண்டரில சரியான குளிராமே..." என்றான்.

"குளிர்தான். நான் நிக்கிறன்தானே. உங்கட வீட்டுக்குக் கீழ்க் கடையில பாக்ஸ் மெஷின் இருக்கு. இந்தக் கடை நம்பரை எழுதுங்கோ. கையெழுத்து வைச்ச பத்திரம் பாக்ஸில வந்தாலும் போதும் எண்டு லோயர் சொன்னவர். அரை மணித்தியாலம் நிப்பன். வரேல்லையோ, மோதிரம் தபாலில வரும்."

டெலிபோனை வைத்தாள். 

"பிள்ளை, ஒரு மணித்தியாலம் குடுத்திருக்கலாம். லண்டனில எல்லாத்துக்கும் கியூ" என்றார் பேரின்பநாதன்.

"மூண்டு வருசம் குடுத்திட்டன் அண்ணை."

பத்து நிமிடம். இருபது. ஒருவர் காகிதக் கட்டோடு பாக்ஸ் அனுப்ப வந்தார். மெஷினுக்கு முன்னால் குறுக்கே நின்று, "பேந்து வாங்கோ, ஐயா" என்றாள். அவர் பேரின்பநாதனைப் பார்த்தார். பேரின்பநாதன் கூரையைப் பார்த்தார்.

இருபத்தெட்டாவது நிமிடம் மெஷின் கிறீச்சிட்டது.

வழுவழுப்பான காகிதம் மெல்ல நாக்கை நீட்டியது. மேல் விளிம்பில் லண்டன் நம்பர். பிறகு அச்செழுத்துகள், வரி வரியாக. பிறகு, கையெழுத்துக்கென்று விட்ட வெறும் வெள்ளை. காகிதம் சுருளப் பார்த்தது. மாக்கிரட் இரண்டு விரலால் அதன் நுனியைப் பிடித்து, இழுக்காமல், விடாமல், வெள்ளை இன்னும் எவ்வளவு தூரம் வரப்போகிறதென்று பார்த்தபடி நின்றாள்.