தலையைத் தொடுகிற வரைக்கும்

கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆக்ஸிலியாவுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. மலைமேல் பைன் காட்டில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிரே நிற்கும் மரமே தெரியாது. இதில் ஏழு வயதுப் பிள்ளையை எங்கே போய்த் தேடுவது? வேனில் ஏற்றும்போதுதான் ஒரு தலை குறைவது தெரிந்தது. மற்ற பிள்ளைகளை, இவளைப் போலவே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜூலியட் நாயுடுபுரத்து முகாமுக்குக் கூட்டிப் போய்விட்டாள். இவளும் முகாமை நடத்தும் டிக்சனும் சரிவில் நின்று மாறி மாறிக் கத்தினார்கள். மஹ்ஜபின் பதில் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளையாவது பதில் சொல்லாமல் இருப்பதாவது. வத்தலக்குண்டில் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் குத்தூஸின் ஒரே மகள். கோடை முகாமுக்கு வந்து இறங்கியதிலிருந்து வாய் ஓயவில்லை. சாப்பாட்டில் பேச்சு, தூக்கத்தில் பேச்சு, பக்கத்தில் இருப்பவள் காதுக்குள் கூச்சல். முகாமிலோ பிள்ளைகளை அதட்டக் கூடாது, நல்லதைப் பார்த்துத் தட்டிக்கொடுத்தே வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று கண்டிப்பு. ஆக்ஸிலியா மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததுதான் பேசா விளையாட்டு. "நான் வந்து தலையைத் தொடுற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் சரி."

காலையில் முதல் ஆட்டத்தில் வேடிக்கைக்காக அவளே, "ஆட்டம் முடிஞ்சு போச்சு, எல்லாரும் வாங்க" என்று ஏமாற்றினாள். "அய், முடிஞ்சிருச்சு" என்று துள்ளிக்கொண்டு வந்தது மஹ்ஜபின் மட்டும்தான். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை ஏங்கி ஏங்கி அழுதது. "அடுத்த தடவ ஏமாறாத தங்கம், நீ கெட்டிக்காரில்ல" என்று கண்ணைத் துடைத்துவிட்டாள் ஆக்ஸிலியா. மத்தியானம் காட்டுக்குள் நடக்கும்போது மறுபடி அதே ஆட்டம். மஹ்ஜபின் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியில் ஆக்ஸிலியா திரும்பிப் பார்க்கவே மறந்துபோனாள்.

இது உறைத்ததும் அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு டிக்சனிடம் திரும்பினாள்.

"சார், கூப்பிட்டுப் பிரயோசனமில்ல. அவ பேச மாட்டா."

"என்னம்மா சொல்ற?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருப்பா. நாந்தான் பேசாதன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அப்ப ஆட்டம் முடிஞ்சதுன்னு சொல்லு."

"காலைல அதச் சொல்லித்தான் சார் ஏமாத்துனேன்."

டிக்சன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவளைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

சொல்லியும் பார்த்தாள். "மஹ்ஜபின், நெசமாவே முடிஞ்சு போச்சுடா. அக்கா தோத்துட்டேன். ஒரு வார்த்த பேசுடா." காலையிலும் இப்படித்தானே குழைந்தாள். பிள்ளை எதை வைத்து நம்பும்? முகாமில் ஆகாத அதட்டலையும் அதட்டினாள். அழுதாள். வனத்துறை ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. காட்டுமாடுகள் இறங்குகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாதாவே, அவளைப் பழையபடி வாயாடியாகவே என்னிடம் கொடுத்துவிடு, இனி ஒரு நாளும் அடக்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள்.

டிக்சன் மறுபடி கத்த வாயெடுத்தார். ஆக்ஸிலியா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மரங்களிலிருந்து நீர் சொட்டியது. பிறகு கீழே எங்கோ புஸ்ஸென்று ஒரு சத்தம். கையால் பொத்தி அமுக்கிய தும்மலா, மாட்டின் மூச்சா, தெரியவில்லை.

"போகாத, வனத்துறைக்காரங்க வரட்டும்" என்றார் டிக்சன், குரலே எழும்பாமல்.

ஆக்ஸிலியா வலது கையை ஒரு பிள்ளையின் தலை உயரத்துக்குத் தாழ்த்தி, முன்னால் நீட்டியபடி மூட்டத்துக்குள் இறங்கினாள்.