பாதி அவுட்டு

“துடுப்பு காஞ்சிருச்சா புள்ள?”

“சாயங்காலந்தான் உன்னுது. போ மாமா,” என்றாள் ருக்மணி.

முனிவேல் சிரித்துக்கொண்டே பக்கத்து ஊரான பேரிகைக்குக் கிணறு வெட்டப் போனான். மத்தியானம் வேட்டு வைத்தபோது பாறை அவன்மேல் சரிந்துவிட்டது.

அது களி கிண்டும் துடுப்பு. தாய்வீட்டிலிருந்து அவள் சீராகக் கொண்டுவந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் பெங்களூருக்குக் காய்கறி வண்டி ஓட்டிப்போன முனிவேல் அங்கே கிரிக்கெட் பார்த்துவிட்டான். திரும்பி வந்த அன்றே துடுப்பின் பிடியில் சைக்கிள் ட்யூபை இறுக்கிச் சுற்றினான். தலையணைப் பஞ்சும் கிழிந்த சேலையும் பந்தாயின. மூன்று ஆமணக்குக் குச்சிகள் ஸ்டம்பு. அதன்பின் தினமும் சாயங்காலம் அடுப்பில் உலை கொதிக்கும். துடுப்பு களத்துமேட்டில் ஆடிக்கொண்டிருக்கும்.

ருக்மணி ஒருநாள் களத்துக்கே வந்துவிட்டாள். “ஒரே பந்துதான் போடுவேன். அவுட்டானா துடுப்பு அடுப்படியத் தாண்டக் கூடாது.”

“நீயா? போடு, போடு! ஆகலன்னா துடுப்பு எனக்கு. நீ அகப்பையில கிண்டிக்கோ.”

முந்தின நாள் மிஞ்சிய களியை உருட்டி, காயவைத்து, களத்து மண்ணில் புரட்டி மடியில் வைத்திருந்தாள். பார்வைக்கு அவன் பந்தின் உடன்பிறப்பு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீசினாள். முனிவேல் கண்ணை மூடிக்கொண்டு விளாசினான்.

பந்து இரண்டாய்ப் பிளந்தது. ஒரு பாதி வேலிக்கு அப்பால் விழுந்தது. மறுபாதி பக்கத்து வீட்டுக் கரியப்பன் கையில் வந்து உட்கார்ந்தது.

“அய்யய்யோ, ராகி முத்தெ!” என்று தன் வீட்டுக் கன்னடத்தில் கத்தினான் அவன்.

“புடிச்சாச்சு, அவுட்டு!” என்றாள் ருக்மணி.

“வேலி தாண்டிருச்சு, ஆறு! களியப் போட்டு ஏமாத்துறியா?”

“களியா, பந்தான்னு பாக்கத் தெரியல, இவரு ஆட வந்துட்டாரு! நீயே சொல்லுண்ணா.”

கரியப்பன் யோசித்தான். “பாதி அவுட்டு, பாதி ஆறு. மிச்சத்த நாளைக்குப் பேசலாம் தங்கச்சி,” என்று மண்ணைத் தட்டிவிட்டு, சாட்சியை வாயில் போட்டுக்கொண்டான்.

வழக்கு தீரும்வரை காலையில் துடுப்பு அவளுக்கு, சாயங்காலம் அவனுக்கு என்று ஆயிற்று. அப்புறம் தினமும் சண்டைதான். வழக்கு மட்டும் தீரவில்லை.

முனிவேலின் கருமாதி முடிந்த மறுநாள் கரியப்பன் வாசலில் வந்து நின்றான். “அது அவுட்டுதான் தங்கச்சி. துடுப்பு உன்னுது,” என்றான்.

“எப்படிண்ணா? வேலி தாண்டிருச்சே,” என்றாள் ருக்மணி.

உலை கொதித்தது. மாவைக் கொட்டி, துடுப்பை எடுத்துக் கிண்டினாள். பிடியில் ட்யூப் சுற்றியபடியே இருந்தது.