பிப்ரவரியில் திறக்கும் கதவு

1

இந்தக் கதை என் வீட்டுப் பின்கதவில் தொடங்கியது. ஜனவரியில் ஒரு காலை குப்பைப் பையை வெளியே வைக்கப் போனேன். கதவு கையகலம் திறந்து நின்றுவிட்டது. தோளால் இடித்துப் பார்த்தேன், அசையவில்லை. இரவு பனி பெய்து வழிமறித்திருக்கும் என்று முன்வாசல் வழியாகச் சுற்றிப்போய்ப் பார்த்தால், அங்கே பனியே இல்லை. முந்தின நாள்தான் சுத்தமாக வழித்துப் போட்டிருந்தேன். உயர்ந்திருந்தது படிக்கல். கல்லுக்கு அடியில் ஈரமண் உறைந்து, தடித்து, கல்லைத் தூக்கிக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மண் எழும்பி வந்து கதவைப் பிடித்துக்கொள்கிறது! இதை வைத்துக் கதை எழுதாவிட்டால் வேறு எதை வைத்து எழுதப் போகிறேன்? தெருவில் நின்றபடியே முதல் வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

[அதற்குள் குப்பை வண்டி போய்விட்டது. பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.]

2

முதல் வாக்கியங்கள், எழுதி அடித்தவை:

"பனி பெய்துகொண்டிருந்தது." ஜப்பானின் வடகோடியில் இருக்கும் எங்கள் அசாஹிகாவாவில் இதை எழுதுவதும், ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதுவதும் ஒன்றுதான்.

"ஒதாஜிமா சினாட்சு ரசமட்டத்தைக் கல்லின் மேல் வைத்தபோது, உள்ளே இருந்த குமிழி மெல்ல நகர்ந்து—" நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சினாட்சு யார் என்றே சொல்லாமல் குமிழியைக் காட்டினால் உங்களுக்கு என்ன பதைப்பு வரும்?

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். சினாட்சு வீட்டுத் தோட்டங்களை வடிவமைப்பவள். வயது நாற்பதைத் தொடுகிறது. ஒரு தோட்ட நிறுவனத்தில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, போன வசந்தத்தில் வெளியே வந்து, தன் பெயரில் பலகை மாட்டியவள். அவள் பெயருக்கு ஆயிரம் கோடைகள் என்று பொருள்.*

பழைய முதலாளிக்கும் அவளுக்கும் ஒரே சண்டைதான். இந்த ஊரில் தோட்டம் என்பது ஐந்து மாதச் சமாசாரம், மிச்ச நாளுக்குப் பலகை அடித்து மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்பது அவர் கட்சி. சினாட்சுவோ தோட்டத்தைக் குளிர்காலத்திலிருந்து வரைய ஆரம்பிப்பாள். வெள்ளைத் தாளில் முதலில் வரைவது பனிக் குவியலை. கூரையிலிருந்து சரியும் பனி எங்கே விழும், வழித்த பனி எங்கே மலையாக நிற்கும், பிப்ரவரியின் தாழ்ந்த வெயில் எந்த மூலையில் வந்து உட்காரும் என்று குறித்துக்கொண்டு, மிஞ்சும் இடத்தில்தான் மனிதர்களை உட்கார வைப்பாள். பெஞ்சு மரத்தில்தான், இரும்பில் கூடவே கூடாது. விளக்குகள் பனிக்கு மேலே தலை நீட்டும் உயரத்தில். செடி என்றால், இலை உதிர்ந்த பிறகும் சிவந்த தண்டோடு வெள்ளைக்கு நடுவில் நிற்கும் புதர்கள். எனக்கு இவளை ரொம்பப் பிடித்திருக்கிறது, மறைக்கவில்லை.

* வேண்டுமென்றே வைத்த பெயர் என்று நினைப்பீர்கள். இல்லை. வைத்த பிறகுதான் பொருள் உறைத்தது. மாற்ற மனம் வரவில்லை.

3

வாடிக்கையாளர் வேண்டுமே. முதலில் ஒரு பணக்கார மருத்துவரை எழுதினேன். "மருத்துவர் தன் கையுறைகளைக் கழற்றி—" மேற்கொண்டு போகவில்லை. கழற்றியவர் கழற்றியபடியே நிற்கிறார்.

அப்புறம் ஷிபாசாகி கோஹெய் வந்தார். வந்ததும் கதை எழுந்து உட்கார்ந்துவிட்டது. தெருப்பனி வழிக்கும் வண்டியை ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டி தெருவைச் சுத்தமாக்கும், வாஸ்தவம். வழித்த பனியை வழி நெடுக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வரப்பு கட்டிவிட்டுப் போகும் என்பதும் வாஸ்தவம். அந்த வரப்பு கல்லாக இறுகும் முன் வீட்டுக்காரர்கள் விடியற்காலையில் எழுந்து வெட்டியாக வேண்டும். ஷிபாசாகி தன் சொந்தத் தெருவிலும் இதே திருப்பணியைத்தான் செய்தார்.

அவருக்குப் பக்கத்து வீடு உபுகாதா தோகிகோ, தெருச் சங்கத் தலைவி. இந்த அம்மாளை வில்லியாக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. எத்தனையோ குளிர்காலம் காலையில் முதல் வேலையாக ஷிபாசாகி கட்டிய வரப்பை வெட்டியவள் அவள். நியாயம் முழுக்க அவள் பக்கம் இருக்கும்போது நான் என்ன செய்ய? ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தில் வேறொரு ஓட்டுநர் ஷிபாசாகி வாசலிலும் வரப்பு கட்டினார். இவர் மூச்சு வாங்க வெட்டியதைத் தெரு முழுக்க ஜன்னல் வழியே பார்த்தது. உபுகாதா மட்டும் நாற்காலி போட்டுப் பார்த்தாள்.

4

தோட்டம் எதற்கு என்று சினாட்சு கேட்டபோது ஷிபாசாகி சொன்ன பதில் இது.

"குளிர்காலம் பூரா வண்டிக் கண்ணாடிக்குப் பின்னாலேயே உட்கார்ந்து போயிடுச்சும்மா. ஒரு நாளாவது அதுக்குள்ள போய் உட்காரணும்."

அவள் அங்கேயே சம்மதித்துவிட்டாள். சமையலறைப் பின்கதவை ஒட்டிக் கல் பாவிய தளம், காற்றைத் தடுக்க இடைவெளி விட்ட மரத்தட்டி, தெற்கே வெயிலுக்குத் திறப்பு. மண் உறைந்து எழும்பாமல் இருக்க ஆழமாகத் தோண்டி ஜல்லி நிரப்பினாள். கதவு வெளிப்பக்கம் திறப்பது. அதனால் கதவின் அடிக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியும் விட்டாள்.

வேலை முடிந்த மகிழ்ச்சியில் ஷிபாசாகி ஒரு காரியம் செய்தார். தெருச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு எல்லாரும் தன் தோட்டத்துக்கு ஜிங்கிஸ்கான் சாப்பிட வர வேண்டும் என்றும், அந்தப் பின்கதவைத் திறந்துகொண்டு இறைச்சித் தட்டோடு தானே வருவதாகவும் அறிவித்துவிட்டார். ஜிங்கிஸ்கான் என்றால் கரியடுப்பில் சுட்ட ஆட்டிறைச்சி; கோடை வெயிலில் வெளியே உட்கார்ந்து தின்பவர்கள் நாங்கள். பிப்ரவரியில் யாரும் கூப்பிட்டதில்லை. கூட்டம் சிரித்தது. உபுகாதா சிரிக்கவில்லை. பின்கதவு அன்றைக்குத் திறந்தால், சங்கக் கட்டடத்து முற்றத்தையும், விருப்பப்பட்ட வீடுகளின் தோட்டங்களையும் வசந்தத்தில் சினாட்சுவிடமே கொடுக்கலாம் என்றாள். திறக்காவிட்டால்? அதை அவள் சொல்லவில்லை. பழைய முதலாளி சினாட்சுவின் நாற்காலியை இன்னும் காலியாகவே வைத்திருந்தார், அதுவே அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. திறக்காவிட்டால் அதில் போய் உட்கார வேண்டியதுதான்.

ஆக, ஒரு கதவு. இரண்டு விரல் இடைவெளி. எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது.

[கூர்மையான வாசகர் ஒருவர் இங்கே கையைத் தூக்குவார்: வீட்டுக்கு முன்கதவு இல்லையா? இருக்கிறது. ஆனால் முன்கதவு வழியாகச் சுற்றி வருவதற்குப் பெயர் தோட்டமா? பின்கதவின் அடியைச் சீவிவிடலாமே என்பார் இன்னொருவர். குளிர் புகாமல் ரப்பர் பட்டை வைத்த இரும்புக் கதவு ஐயா அது. சீவினால் வீடே விறைத்துவிடும்.]

5

ஜனவரி பாதியில் ஷிபாசாகி தொலைபேசியில் கூப்பிட்டார். கதவு கொஞ்சம் முனகுகிறது என்றார். சினாட்சு ஓடினாள். இரண்டு விரல் இடைவெளியில் ஒரு விரல்கூட நுழையவில்லை. சரிவு பார்க்க ரசமட்டத்தைக் கல்லின் மேல் வைத்தாள். குமிழி மெல்ல நகர்ந்து ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. (பார்த்தீர்களா, வாக்கியம் வீணாகவில்லை.)

ஜல்லி சரியாகத்தான் போட்டிருந்தாள். வடிகாலும் சரி. எங்கே தப்பு? தலை நிமிர்ந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. தெரு முழுக்க, கூரை முழுக்க, வேலி முழுக்க இடுப்பளவு பனி. தளத்தில் மட்டும் ஒரு பொட்டுப் பனி இல்லை. கல் துடைத்து வைத்த மாதிரி பளபளத்தது.

"ஷிபாசாகி-ஸான், இதை யார் வழிக்கிறது?"

"நான்தான். காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை. நீங்க பண்ணிக்கொடுத்த தளம், அப்படியே போட்டு வைப்பேனா?"

ஆசை ஆசையாகச் சொன்னார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பனிதான் மண்ணுக்குப் போர்வை. பனி கிடக்கிற வரை குளிர் ஆழம் போகாது. பனி கிடக்கும் என்று நம்பித்தான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். பனியைக் கண்டால் கை சும்மா இருக்காத மனிதர் இவர் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள். தினம் இரண்டு தடவை போர்வையை உருவி உருவி, குளிரை ஜல்லிக்கும் கீழே அனுப்பி வைத்திருந்தார் ஷிபாசாகி. கீழே இருந்த களிமண் எழும்பிவிட்டது.

6

அவரிடம் இதை எப்படிச் சொல்வது? நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் கத்தினாள், அது அவள் சுபாவம் இல்லை. இன்னொன்றில் மண்ணியல் பாடம் நடத்தினாள், எனக்கே தூக்கம் வந்தது. கடைசியில் அவள் நேராக வேலியோரம் போய், அவர் நேர்த்தியாகக் குவித்திருந்த பனி மலையைக் காட்டி, அதை எடுத்துத் தளத்தின் மேல் திரும்பப் போடச் சொன்னாள்.

ஷிபாசாகியின் முகம் சிவந்தது.

"என் ஆயுசுல பனியை எடுத்திருக்கேனே தவிர, எங்கேயும் கொண்டுபோய்ப் போட்டதே இல்லையே."

"பொய்," என்றது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உபுகாதாவின் குரல். "என் வாசல்ல போட்டிருக்கீங்க."

சினாட்சு மண்வாரியின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஷிபாசாகியும் முதலில் முறுக்கிக்கொண்டு, பிறகு சிரித்துவிட்டார். அன்றைக்கு இருவரும் சேர்ந்து பனியைத் திரும்பப் போட்டார்கள். மிதித்து இறுக்கக் கூடாது, பஞ்சு மாதிரி தளர்வாக இருந்தால்தான் சூடு நிற்கும் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் அதை நோயாளிக்குப் போர்வை விரிப்பதுபோல விரித்தார். உபுகாதா வேலிமேல் முழங்கையை ஊன்றி, இந்த ஓரத்தில் போதாது, அந்த ஓரத்தில் போதாது என்று மேற்பார்வை பார்த்தாள். ரசித்துப் பார்த்தாள் என்றே சொல்ல வேண்டும்.

இனி, பூமிக்குள் இருக்கும் சூடு மெல்ல மேலே வந்து உறைந்த மண்ணைக் கீழிருந்து இளக்க வேண்டும். இளகினால் கல் இறங்கும். எவ்வளவு இறங்கும், ஞாயிற்றுக்கிழமைக்குள் இறங்குமா? சினாட்சுவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, சத்தியமாக.

7

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு விடிந்தது. வானம் நீலம், குளிர் மூக்குமயிரைக் குத்தியது. இங்கே இதைக் குளிர் என்று சொல்வதில்லை. "ஷிபரேரு" என்போம்.

தளத்துப் பனியை அன்று காலைதான் வழித்தார்கள். தெருக்காரர்கள் தோட்டத்து வழியாக வந்து, கம்பளி விரித்த பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். தட்டி காற்றைத் தடுத்தது. வெயில் சினாட்சு வரைந்து வைத்த மூலைக்கே வந்து உட்கார்ந்தது. கரி கனன்றது. வெங்காயம் ஏற்கெனவே பொரிந்துகொண்டிருந்தது. ஒரு தாத்தா கோட்டைக் கழற்றினார். பிப்ரவரியில், வெளியில், கோட்டைக் கழற்றினார்! இதை எழுதியபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். உள்ளே ஷிபாசாகி தாழ்ப்பாளை எடுத்த சத்தம் கேட்டது.

[இங்கே இரண்டு முடிவுகளை எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் கதவு விரியத் திறந்தது, எல்லாரும் கை தட்டினார்கள், எனக்குக் கூச்சமாக இருந்தது. மற்றதில் கதவு அசையவே இல்லை, சினாட்சு தலை குனிந்து நடந்து "தன் பழைய நாற்காலியை நோக்கி—" என் கை அதை எழுத மறுத்துவிட்டது. இரண்டையும் கிழித்துவிட்டு, மண் என்ன செய்திருக்குமோ அதையே எழுதுகிறேன்.]

கதவு திறந்தது. கையகலம். இன்னும் கொஞ்சம். பிறகு கல்லில் உரசி, நின்றது. கல் இறங்கியிருந்தது, ஆனால் ஒரே சீராக இறங்கவில்லை.

இடுக்கில் ஷிபாசாகியின் மூக்கும் பாதிக் கண்ணாடியும் தெரிந்தன. தோளைக் கொடுத்தார். கோட்டோடும் தொந்தியோடும் அவர் நுழைகிற இடுக்கு இல்லை அது. கொஞ்சம் யோசித்தார். பிறகு இறைச்சித் தட்டை நீட்டினார். உரசாமல், இம்மியும் மிச்சம் இல்லாமல், தட்டு வெளியே வந்தது.

"சாப்பாடு வந்துடுச்சு பாருங்க," என்றார் உள்ளேயிருந்து. "கதவு திறந்திருக்கு."

ஆள் வரவில்லையே என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். சினாட்சுவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"திறக்கலை," என்றாள். "நான் சொன்ன மாதிரி திறக்கலை."

"உங்களை யாரும் கேட்கலை," என்றாள் உபுகாதா.

அவள் எழுந்து கதவருகே போய், தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்த மனிதர் கையிலிருந்து இத்தனை குளிர்காலமாக அவளுக்கு வந்ததெல்லாம் பனிதான். தட்டைப் பார்த்தாள். இடுக்கைப் பார்த்தாள். இடுக்கில் தெரிந்த மூக்கைப் பார்த்தாள். பிறகு தெருக்காரர்கள் பக்கம் திரும்பி, தீர்ப்பைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

8

இதற்குமேல் நான் எழுத மாட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை. உபுகாதா வாயில் எந்த வார்த்தையை வைத்தாலும் அது என் வார்த்தையாகிவிடுகிறது. எனக்குத்தான் சினாட்சுவைப் பிடிக்குமே, என் தீர்ப்பை யார் மதிப்பார்கள்? நீங்கள் அப்படி இல்லை. பனி வழித்ததில்லை, அந்தத் தட்டில் உங்களுக்குப் பங்கும் இல்லை. நியாயமாகச் சொல்லலாம்.

தட்டு வந்தது, ஆள் வரவில்லை. கதவு திறந்ததா, இல்லையா?

சொல்லுங்கள். வெளியே ஷிபரேரு, இறைச்சியின் ஓரம் உறைந்து வெளுக்க ஆரம்பித்துவிட்டது. உபுகாதா வாயைத் திறந்தபடி நிற்கிறாள். சினாட்சு உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.