முன்னால் நிற்க ஓர் ஆள்

1

இந்தக் கதை பஸ்ஸைத் தவறவிட்டதில் கிடைத்தது. பெரிதாக எதையும் எதிர்பார்த்துவிடாதீர்கள். 2009இல் யாங்கூனில், அதாவது பழைய ரங்கூனில், பசுன்டவுங் ஓடைக்கரையில், காலிப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்துப் புதிதாகக் கட்டிய இரண்டு மிதவைகளை ஒருவர் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. மாடு வாங்க வந்தவர் போலத் தட்டித் தட்டிப் பார்த்தார். பக்கத்தில் ஒரு பெண் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘புயல் தின்ற படகின் நினைவில் ஓடை இன்னும்…’

(வேண்டாம். ஓடைக்கு நினைவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.)

இரண்டாவது: தாமுவேயில் குடியிருக்கும் தனசேகரன், ஓடையில் அக்கரைக்கு ஆள் ஏற்றுகிறவர். போன வருஷப் புயலில் மிதவை போய்விட்டது. புதிது வாங்க வேண்டும். சின்னதை ஒரே ஆள் ஓட்டிவிடலாம். பெரியதில் கூட்டம் அதிகம். பின்னால் எஞ்சினைப் பிடித்திருப்பவருக்கு முன்பக்கம் தெரியாது. கரை நெருங்கும்போது கழியை ஊன்றித் தாங்க முன்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

பழைய மிதவையும் பெரியதுதான். முன்னால் நின்றவள் அவர் மனைவி அம்சவேணி. கல்யாணமான வருஷத்திலிருந்து, வெயிலிலும் மழையிலும்.

(இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.)

3

அம்சவேணியோடுதான் எனக்குத் தகராறு. பொறுமைசாலி, தியாகி என்று நாலு வரி எழுதினேன். படித்துப் பார்த்தால் கல்யாண வாழ்த்துமடல் மாதிரி இருந்தது. அடித்துவிட்டு, புயலுக்குப் பிறகு தின்கன்ஜூனில் லத்தீபாவின் தையல்கடையில் அவளை வேலைக்குச் சேர்த்தேன். கரண்டு இருந்தால் விசிறிக்குக் கீழே வேலை.

ஒருநாள், அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுக் கேரியரைக் கொடுக்கப் போன தனசேகரன், வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே அம்சவேணி சிரித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டு, மூச்சு முட்ட. வீட்டில் அந்தச் சிரிப்பை அவர் கேட்டதே இல்லை. கேரியரை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

சின்னதை வாங்கினால், இனி நீ வேண்டாம் என்று அவளிடம் சொன்ன மாதிரி ஆகிவிடும். பெரியதை வாங்கினால், ஒரு வார்த்தை பேசாமல் தையல்கடையை விட்டுவிட்டுக் கழியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவருக்கு அந்தப் பயம் இருந்தது. அவள் இல்லாமல் தனியாகப் போகவும் பயம். இதை அவர் என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

4

முடிவு ஒன்று: பெரியதை வாங்குகிறார். அவள் வருகிறாள். (எனக்கே பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு: சின்னதை வாங்கி அவளுக்கு விடுதலை… (அட, அவர் வாங்கித் தர அது என்ன வெற்றிலையா?)

முடிவு மூன்று: மிதவை கட்டிய அப்துல் பாரிக்குப் பொறுமை போய்விட்டது. இன்னொருவர் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார், இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார். தனசேகரன் மிதவையிலிருந்து கையை எடுத்தார். மனைவி பக்கம் திரும்பினார்.

“வேணி, உனக்கு மிதவைல வர இஷ்டமா?”

அவள் அவரையே பார்த்தாள்.

“இத்தன வருஷமா கேக்கலயே நீங்க.”

“இப்பக் கேக்குறேன்.”

5

அவள் பதிலை இரண்டு முறை எழுதினேன். ‘வர்றேன்’ என்று எழுதியபோது எனக்கு மனசு நிறைந்தது. ‘வரல’ என்று எழுதியபோது, நியாயம் செய்துவிட்ட பெருமை. இரண்டும் எனக்குத் தோதான பதில்கள். தனசேகரனும் இத்தனை வருஷம் வேறென்ன செய்தார்? அவளுக்கும் சேர்த்து அவரே பதில் சொல்லிக்கொண்டார். இரண்டையும் அடித்துவிட்டேன்.

அம்சவேணி இப்போது வாயைத் திறக்கிறாள். தனசேகரன் குறுக்கே பேசாமல் நிற்கிறார். உங்களுக்கும் ஒரு பதில் தோன்றியிருக்கும். தயவுசெய்து அதைச் சொல்லிவிடாதீர்கள், அவள் பேசட்டும்.