செவலையின் வயிற்றில்

எனக்கு வாய்க்கு முன்னால் கை போய்விடும். என் மனைவி புஷ்பத்துக்கு அது தெரியும். தெற்கு மாட வீதி முழுக்கத் தெரியும். வெள்ளைச்சாமியின் வலது மணிக்கட்டுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதை உடைத்தவன் நான்.

மயிலாப்பூரில் எனக்குக் காய்கறிக் கடை. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். எழுபத்தேழாம் வருஷம் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் சொல்லி, 'புஷ்பம் காய்கறி' என்று சிவப்பு எழுத்துப் போட்டுப் பாலிதீன் பை அடித்து வாங்கினேன். அந்தத் தெருவுக்கே முதல் பை என்னுடையதுதான். அதுவரை துணிப்பையும் வயர்கூடையுமாக வந்த மாமிகள், கையை வீசிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. விற்கிற காயைப் பையில் போட்டுக் கொடுத்தது போதாது என்று, கடையிலிருக்கிற காயையும் பைபையாகக் கட்டி அடுக்கினேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது.

எதிர் பிளாட்பாரத்தில் வெள்ளைச்சாமி கீரை விற்றான். அவனும் தெற்கத்தி ஆள்தான், அருப்புக்கோட்டைக்காரன். கீரையை வாழைநாரால் கட்டி, ஈரச்சாக்குப் போட்டு மூடி வைப்பான். சும்மா கொடுத்தாலும் என் பையைத் தொடமாட்டான்.

"அண்ணாச்சி, உள்ள வேர்த்து வடியுது பாருங்க. காய் அவிஞ்சு போகும். வீட்டுலருந்து பை கொண்டாரச் சொல்லுங்க, இது வேணாம்."

"நீ உன் சாக்கைப் பாருலே" என்றேன்.

அவன் சொன்னதுதான் நடந்தது. கட்டி வைத்த தக்காளியும் கத்தரிக்காயும் மறுநாளே சொதசொதத்துப் போயின. கீரைக்காரன் சொல்லி நான் கேட்பதா என்று எனக்கு வீம்பு. அழுகியதைப் பையோடு முடிச்சுப் போட்டு, சாயங்காலம் தெருவில் திரியும் பசு செவலைக்கு வைத்தேன். பசுவுக்கு வைத்தால் புண்ணியம் என்று புஷ்பமும் சொன்னாள். மாமிகளும் அப்படியே செய்தார்கள். காய்த்தோலையும் காம்பையும் அதே பையில் முடிந்து வாசலில் வைத்துவிட்டு, செவலையின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிரித்துக் கொட்டினால் வாசல் நாறுமே!

செவலை ரத்னாவின் பசு. ரத்னாவுக்கு மந்தைவெளியில் குடிசை. புருஷன் போன பிறகு அவளுக்கு அந்தப் பால்தான் சோறு. காலையில் கறந்து நாலு வீட்டுக்கு ஊற்றிவிட்டு, மாட்டைத் தெருவில் விட்டுவிடுவாள். என் கடையைத் தாண்டும்போதெல்லாம், "நைனா, நீ வைக்கிற தீனியிலதான் அது உயிரோட கீது" என்று கையெடுத்துக் கும்பிடுவாள். நான் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டுவேன்.

செவலைக்கும் வெள்ளைச்சாமிக்கும்தான் ஆகாது. அசந்தால் அது அவன் கீரையில் வாய் வைக்கும், அவன் பிரம்பால் வெளுப்பான். ஒரு வெள்ளிக்கிழமை, சாக்கை இழுத்துப் போட்டுக் கூடை அரைக்கீரையையும் தின்றுவிட்டது. அவன் அதன் மூக்கில் ரத்தம் வருகிற அளவுக்கு அடித்துவிட்டு, தெருவே கேட்கக் கத்தினான்: "இன்னொரு தடவ வாய வச்ச, வெஷத்தக் கலந்து வச்சிருவேன்!"

அடுத்த பத்து நாளும் செவலை தீனியைத் தொடவில்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. பதினோராம் நாள் காலையில் என் கடை வாசலில் தொப்பென்று விழுந்தது. வாயில் நுரை. நாலு காலையும் உதைத்து உதைத்து என் தக்காளிக் கூடைகளைச் சிதறடித்து, கடைசியில் கழுத்தை நீட்டிவிட்டது. ரத்னா ஓடிவந்து அதன்மேல் விழுந்தாள்.

"எந்தப் பாவி இன்னாத்த வச்சான்? வாயில்லா ஜீவன்யா!"

கூட்டத்தில் யாரோ வெள்ளைச்சாமியின் பெயரைச் சொன்னார்கள். நான் தெருவைத் தாண்டியது எனக்கு நினைவில்லை. என் கால் அவன் நெஞ்சில் இறங்கியதுதான் நினைவிருக்கிறது. அவன் கீரைமேல் மல்லாந்து விழுந்தான். நாற்பது பேராவது சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் தலைமுடியைப் பிடித்து அவன் தலையைக் கல்லில் மோதினான். ரத்னா மாட்டுக் கயிற்றால் முகத்தில் விளாசினாள்.

"நான் வைக்கல அண்ணாச்சி! எங்காத்தா மேல சத்தியமா வைக்கல!"

அடியைத் தடுக்க வலது கையைத் தூக்கினான். என் கடைத் தராசில் கிடந்த இரண்டு கிலோ எடைக்கல் எப்படியோ என் கையில் இருந்தது. அதை அந்தக் கைமேல் இறக்கினேன். வேப்பங்குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கித் தொங்கியது. அதற்குப் பிறகும் இரண்டு உதை உதைத்தேன்.

போலீஸ்காரர் வந்து விலக்கினார். வெள்ளைச்சாமி வாயில் வந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "மாட்டு வயித்த அறுத்துப் பாருங்க. வெஷம் இருந்தா என் கழுத்தையும் அறுத்துருங்க."

"அறுக்கலாம்!" என்று முதலில் கத்தியவன் நான்தான். ஒருத்தன் கையை உடைத்தாகிவிட்டது, இனி அவன் குற்றவாளியாக இருந்தே ஆகவேண்டும். அன்று ராத்திரி சாமி படத்துக்கு முன்னால் அதைத்தான் வேண்டிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை கால்வாய்க் கரையில் வைத்து அறுத்தார்கள். அரசாங்கக் கால்நடை டாக்டர் ஸ்ரீரங்கன் வந்திருந்தார். கத்தி இறங்கியதும் கிளம்பிய நாற்றத்தில் பாதிக் கூட்டம் பின்னால் போய்விட்டது. டாக்டர் தோள்வரை கையை விட்டு எதையோ பிடித்து இழுத்தார். வரவில்லை. கூட இரண்டு பேர் பிடித்து இழுத்த பிறகு, பூசணிக்காய் அளவுக்கு ஒரு உருண்டை சொதக்கென்று மண்ணில் விழுந்தது.

"விஷமெல்லாம் இல்லை" என்றார் டாக்டர். "இரைப்பை முழுக்க இதுதான். தீனி இறங்க வழியில்லாம, வயிறு நிறைஞ்ச மாதிரியே பட்டினி கிடந்து செத்திருக்கு."

ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். பை பையாகப் பிரிந்தது. அத்தனையும் பாலிதீன். சிலதில் முடிச்சுக்கூட அவிழவில்லை. உள்ளே தக்காளித்தோல் அப்படியே இருந்தது. நான் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டுவேன். என் முடிச்சு எனக்குத் தெரியாதா?

"சிவப்பா இன்னாமோ போட்டுக்கீதே, இன்னாது அது?" என்றாள் ரத்னா. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

துண்டில் கையைக் கட்டித் தொங்கவிட்டு நின்ற வெள்ளைச்சாமிதான் படித்தான். "புஷ்பம் காய்கறி."

ரத்னா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உன்னத்தானேய்யா கையெடுத்துக் கும்பிட்டேன்" என்றாள். அப்புறம் அவள் கையிலிருந்த மாட்டுக் கயிறு பேசியது. முகத்தில், கழுத்தில், முதுகில் விழுந்தது. அவள் கை ஓய்கிற வரைக்கும் நான் நின்ற இடத்தில் நின்றேன். வாங்க வாங்க எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. மற்றவர்களும் வந்து அடிப்பார்கள் என்று காத்திருந்தேன். முந்தின நாள் அடித்த நாற்பது பேரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. அவர்கள் வீட்டு முடிச்சுகளும் அந்த உருண்டையில் இருந்தன.

மிச்சமிருந்த பைக்கட்டுகளை அன்றே கடைக்கு வெளியே தூக்கி எறிந்தேன். மறுநாள் வந்த ஒரு மாமி முகத்தைச் சுளித்தாள். "ஏன் கருணாகரா, இனிமே ஆத்துலேர்ந்து பையத் தூக்கிண்டு வரணுமாக்கும்?"

"ஆமா மாமி. இல்லாட்டி முந்தானைல வாங்கிக்கோங்க" என்றேன். அவள் பக்கத்துக் கடைக்குப் போனாள். இப்போது அந்தக் கடைக்காரன் பச்சை எழுத்தில் பை அடித்து வைத்திருக்கிறான். நான் காய்களை ஈரச்சாக்கில் மூடி வைக்கிறேன்.

ரத்னாவுக்குக் கன்றோடு ஒரு பசு வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அதை என் கடைப்பக்கம் விடுவதில்லை.

வெள்ளைச்சாமி என்மேல் புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டது. பிடி நிற்காது, நாரை இழுத்து முடிய வராது. கீரைக்காரனுக்கு அது வராவிட்டால் என்ன பிழைப்பு?

அதனால் தினம் காலையில் என் கடையைத் திறக்கும் முன் எதிர் பிளாட்பாரத்துக்குப் போகிறேன். அவனுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, எல்லாக் கீரையையும் வாழைநாரால் கட்டிக் கொடுக்கிறேன். இரண்டு வருஷமாகிறது, அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒவ்வொரு கட்டையும் இடது கையால் இழுத்துப் பார்ப்பான். முடிச்சு தளர்ந்திருந்தால் என் முகத்திலேயே விட்டெறிவான்.

இன்றைக்கும் ஒன்று வந்து விழுந்தது. கண்ணில் பட்ட மண்ணைத் துடைத்துக்கொண்டு, எடுத்துத் திரும்பக் கட்டினேன்.