அவிழ்த்துக் கட்டிய கார்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடுவில் எங்காவது என் குரல் உயர்ந்தால் நீங்கள் திடுக்கிட வேண்டியிருக்காது.

உறவில் ஒரு ஞானஸ்நான விருந்து. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "அந்தக் காலத்துல, முப்பதுகள்ல, நம்ம குடும்பத்துல ஒரு ரேஸு காரு இருந்துச்சு, தெரியுமா? பிரெஞ்சுக் காரு, ரெண்டு பேரு உக்கார்றது. பெர்னதெத்துன்னு ஒருத்தி, புருசன் செத்ததும் அதைப் பிரிச்சுப் போட்டு நாசம் பண்ணிட்டா."

பந்தியே சிரித்தது. நான் மட்டும், என்ன பிரித்தாள், எதற்குப் பிரித்தாள், திரும்ப மாட்டினாளா என்று கேட்டேன். "அதெல்லாம் யாருக்குத் தெரியும்? பொம்பளைக்கு எதுக்குக் காரு?" என்றார். ஆக, அவருக்குத் தெரிந்தது சிரிக்க மட்டும்தான். மீதியை நான் இட்டுக்கட்டுகிறேன். அவருடைய சிரிப்பைவிட என்னுடைய பொய் நியாயமானது என்பது என் கட்சி.

2

முதல் தொடக்கம்: 'வங்கக் கடலின் அலைகள் புதுச்சேரிக் கரையைத் தாலாட்டிக்கொண்டிருந்த ஓர் இனிய மாலை—'

(அடித்துவிட்டேன். அலை எந்த ஊரில்தான் தாலாட்டவில்லை?)

இரண்டாவது: 'கணவனை இழந்த பெர்னதெத் ஜன்னலருகே அமர்ந்து, கண்ணீர் மல்க—'

(இதையும் அடித்தாயிற்று. அவள் அப்போது காருக்கு அடியில் படுத்திருந்தாள். வேறொரு நாள் அழுதிருக்கலாம், அது அவள் பாடு.)

மூன்றாவது நிற்கிறது:

"காரு உன்னுது, யாரு இல்லன்னது? வழி என்னுது," என்றார் தனிஸ்லாஸ்.

தனிஸ்லாஸ், பெர்னதெத்தின் கணவன் பிரான்சுவாவுக்கு அண்ணன். புதுச்சேரி மேரியில், அதாவது நகரமன்ற அலுவலகத்தில், குமாஸ்தா. பிரான்சுவா விஷக் காய்ச்சலில் போய், முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு வீட்டை அண்ணன் பாகம் பிரித்தார். முற்றத்தின் நடுவே சுவர் எழுந்தது. வண்டி நுழைகிற பெரிய வாசல் அவர் பக்கம் போயிற்று. பெர்னதெத்துக்குப் பின்கட்டும், சந்துக்குத் திறக்கும் ஒற்றைக் கதவும். கார் அவள் பக்கம் மாட்டிக்கொண்டது. அந்தக் கதவு வழியாக ஓர் ஆள் கூடையோடு நுழைவதே பெரும்பாடு.

"எங்கிட்ட குடுத்துடு," என்றார் தனிஸ்லாஸ். "மேல கூண்டு போட்டு, நாலு பேரு உக்கார்ற மாதிரி மாத்தி, மரியாதையா மேரிக்குப் போயி வருவேன்."

"நான் ஓட்டணும் மாமா."

"தாலி அறுத்தவ தெருவுல காரு ஓட்டுனா சனம் காறித் துப்பும்."

"துப்பட்டும். நான் வேகமாப் போயிடுவேன், எம்மேல படாது."

(கதையைப் படித்த நண்பர் ஒருவர் இந்த இடத்தில் நிறுத்தினார். அவளுக்கு அந்தக் காரின் மேல் ஏன் அவ்வளவு பிடிவாதம், செத்துப்போன கணவனின் நினைவா, அப்படி இருந்தால் உருக்கமாக இருக்குமே என்றார். இல்லை. அவளுக்கு வேகமாகப் போகப் பிடிக்கும். ஓர் ஆண் கார் ஓட்டினால் எதன் நினைவாக ஓட்டுகிறாய் என்று யாராவது கேட்கிறார்களா?)

3

கல்யாணமான புதிதில் பிரான்சுவா காருக்கு அடியில் படுப்பான், பெர்னதெத் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் இடம் மாறிக்கொண்டார்கள். அதனால் கற்றுக்கொள்ள அவளுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

சுவர் எழும்பிய பிறகு அவள் செய்த முதல் காரியம், வெளியே போக வழியில்லாத அந்தக் காரை இன்னும் வேகமான காராக மாற்றத் தொடங்கியது. இது புத்தியுள்ளவர்கள் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன், அவள் காருக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை.

கல்யாணச் சீராக வந்த நிலைக்கண்ணாடியைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் மட்டமாகக் கிடத்தினாள். அதன்மேல் எமரிப் பசையைத் தடவி, கழற்றிய என்ஜின் ஹெட்டை, அதாவது சிலிண்டர் மூடியை, கவிழ்த்து வைத்துத் தேய்த்தாள். ஹெட் தேயத் தேய சிலிண்டருக்குள் இடம் குறையும். இடம் குறைந்தால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் இழுவை கூடும். தோள் கழன்றுபோகிற வேலை. கண்ணாடி அதோடு ஒழிந்தது.

(இங்கே 'இனி யாருக்காக அலங்கரித்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரு வரி வந்து உட்கார்ந்தது. எழுப்பி அனுப்பிவிட்டேன்.)

பிறகு சைலன்சரைக் கழற்றி எறிந்து நேர்க்குழாய் மாட்டினாள். முற்றத்தில் என்ஜினைப் போட்டுப் பார்த்த அன்று ஓட்டின் மேலிருந்த புறாவெல்லாம் பறந்தன. சுவருக்கு அப்பால் தனிஸ்லாஸின் தலை எழும்பியது.

"செபமாலை சொல்ற நேரத்துல என்னா சத்தம் இது?"

"நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன் மாமா. கொஞ்சம் ஒரக்க."

4

தில்லையம்மாள் வீராம்பட்டினத்திலிருந்து தெருத்தெருவாக மீன் கொண்டுவருகிறவள். அந்த ஒற்றைக் கதவில் கூடை இடிக்காமல் ஒருநாளும் நுழைந்ததில்லை.

"என்னா கதவும்மா இது, என் கூடையே நொழைய மாட்டேங்குது. இதுல காரை எப்படி வெளிய கொண்டாரப் போற?"

"அதான் தெரியல தில்லையம்மா."

"எங்க வூட்டு ஆளு கட்டுமரத்தை முழுசாவா தூக்கியாறாரு? கயித்தை அவுத்தா கட்டை கட்டையா வந்துடும். தோள்ல வச்சுத் தூக்கியாந்து மணல்ல காய வச்சு, போறப்ப மறுபடியும் கட்டிக்குவாரு. அது கெடக்கட்டும், சங்கரா வேணுமா வேணாமா?"

(இந்த இடத்தில் 'ஏட்டுப் படிப்பில்லாத அந்தப் பெண்ணின் ஞானம்' என்று நான் எழுத வேண்டும் என்பது வழக்கம். எழுதமாட்டேன். வெயில் ஏறுவதற்குள் மீனை விற்றாக வேண்டும் என்ற அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள், கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.)

பெர்னதெத் கையில் மீனோடு நின்றாள். காரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். அன்று மீன் குழம்பு வைக்க மறந்துபோனாள்.

5

தில்லையம்மாளின் கணவர் காசிலிங்கத்தை எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. கதைக்கு ஓர் ஆள் தேவைப்படும்போது தோளில் கயிற்றோடு வந்து நிற்கிறவரை எப்படி நம்புவது? அதனால் அவரை ஒரு தப்பு செய்யவிட்டேன். செய்தார். அதற்குப் பிறகு நம்ப முடிந்தது.

காரின் மேலிருந்த தகரக் கூட்டைக் கழற்றி மூலையில் போட்டார்கள். வெறும் சட்டமும் சக்கரமும் என்ஜினும் மிஞ்சின. அதன்மேல் மூங்கிலை வளைத்து, பாய்த்துணி போர்த்தி, வார்னிஷ் பூசி, எல்லாவற்றையும் தேங்காய் நார்க்கயிற்றால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார் காசிலிங்கம். பழைய தகரத்தைத் தூக்க நாலு பேர் வேண்டும். புதிய கூட்டை பெர்னதெத் ஒருத்தியே தூக்கினாள். கதவில் நுழைவதற்காகச் செய்த வேலை காரைப் பாதியாக இளைக்க வைத்துவிட்டது.

ஆனால் கூட்டின் கூர்முனையை அவர் முன்பக்கம் வைத்துக் கட்டியிருந்தார். ரேடியேட்டர் முழுக்க மூடிக்கொண்டது.

"கூர் பின்னால வரணும் காசிலிங்கம் அண்ணே. ரேஸு காருக்கு வால்தான் கூரு."

"மொனை முன்னால இல்லன்னா அலையை எப்படிம்மா கிழிக்கும்?"

"தெருவுல ஏது அலை?"

"காத்து இருக்குதில்ல? பின்னால மொனை வச்சா மரம் பின்னாலதான் போவும். நான் எத்தினி மரம் கட்டியிருக்கேன்."

"என்ஜினு மூச்சு முட்டிச் செத்துடும் அண்ணே."

மத்தியானம் முழுக்கச் சண்டை. கடைசியில் காசிலிங்கம் தலையில் அடித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்து, கூட்டைத் திருப்பிப் போட்டுக் கட்டினார். அவிழ்த்துக் கட்டுவது எவ்வளவு சுலபம் என்பதை இருவரும் அப்போதுதான் கண்ணால் பார்த்தார்கள். சண்டை அதோடு நின்றது.

6

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒற்றைக் கதவு வழியாகக் கார் வெளியே வரத் தொடங்கியது. முதலில் சக்கரங்கள். பிறகு அச்சுகள். சட்டத்தை ஒருக்களித்துக் கொண்டுவந்தார்கள். என்ஜினைத் தடியில் கட்டி வீராம்பட்டினத்து ஆட்கள் தோளில் சுமந்தார்கள்.

பாட்டுப் பூசைக்குப் புறப்பட்ட தனிஸ்லாஸ் இதைப் பார்த்தார். பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"ஒருவழியாப் புத்தி வந்துதா? பழைய இரும்புக்குப் போடுறியா?"

பெர்னதெத் சட்டத்தின் மறுமுனையைப் பிடித்தாள். அவரோ உற்சாகமாகி, "பாத்து, பாத்து, செவுத்துல இடிச்சுடாதீங்க" என்று ஆட்களுக்கு வழி சொன்னார். சந்தில் நின்ற தன் சைக்கிளைத் தானே நகர்த்தி வைத்தார். பிறகு நிம்மதியாகக் கோயிலுக்குப் போனார்.

இனி அச்சை மாட்ட வேண்டும், என்ஜினை இறக்கி முடுக்க வேண்டும், கூட்டைக் கட்ட வேண்டும். ஒரு பூசைக்குள் நடக்கிற வேலையில்லை. ஆகவே அன்று சாமியாரின் பிரசங்கத்தை நான் நீட்டினேன். பொருள், கீழ்ப்படிதல். மனிதர் முடிப்பார் என்று தோன்றும்போதெல்லாம் அவர் வாயில் இன்னொரு உதாரணத்தைப் போட்டேன். எழுதுகிறவர்களுக்கு இருக்கிற அதிகாரம் இவ்வளவுதான், இதையும் நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தாவிட்டால் எதற்கு?

பூசை விட்டு வந்த கூட்டம் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. தனிஸ்லாஸின் பெரிய வாசலுக்கு நேர் எதிரே, வெயிலில் வார்னிஷ் மின்ன, வால் கூராக, கார் நின்றது. காசிலிங்கம் கைப்பிடியைச் சுற்றினார். கூடிப்போன அழுத்தத்தில் அது திமிறியது. மறுபடி சுற்றினார். என்ஜின் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் பெண்கள் காதைப் பொத்தினார்கள்.

பெர்னதெத் ஏறி உட்கார்ந்தாள். தனிஸ்லாஸ் ஓடிவந்து காருக்கு முன்னால் நின்றார்.

"இப்ப போனா திரும்பி இந்த வூட்டுக்கு வராத!"

"வருவேன் மாமா. சந்துக் கதவு என்னுது. அவுத்து உள்ள கொண்டாருவேன், அடுத்த ஞாயித்துக்கிழமை வெளிய கொண்டாந்து இங்கதான் கட்டுவேன். வாரா வாரம் கட்டுவேன். நவுருங்க."

அவர் நகரவில்லை.

7

இந்த இடத்தில் எனக்கு மூன்று முடிவுகள் வந்து சேர்ந்திருக்கின்றன.

பந்திப் பெரியவர் பிறகு ஒருநாள் வழியில் பார்த்துக் கொடுத்தது: கடற்கரை முனையில் கார் மோதி, அவள் அங்கேயே முடிந்தாள். பெரியவரே, பிரேக்குக்குப் புது லைனிங் அடித்துவிட்டுத்தான் அவள் என்ஜினில் கை வைத்தாள். உங்களுக்கு வேண்டும் என்பதற்காக என்னால் அவளைக் கொல்ல முடியாது.

நண்பர் கொடுத்தது: தனிஸ்லாஸ் மனம் மாறி, கண் கலங்கி, பக்கத்து இருக்கையில் ஏறி—

(வாக்கியத்தை முடிக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. அந்த இருக்கையில் தில்லையம்மாள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டாள். கூடையோடு.)

இளைய வாசகி ஒருத்தி கொடுத்தது: அவள் பிரெஞ்சு எல்லையைத் தாண்டி, இங்கிலீஷ்காரன் சீமைக்குள் புகுந்து, விழுப்புரம், சென்னை, விடுதலை! எல்லையில் சுங்கச் சாவடிக்காரன் நிறுத்துவான் என்பது இருக்கட்டும். ஊரைவிட்டு ஓடிப்போகவா அவள் கண்ணாடியில் ஹெட்டைத் தேய்த்தாள்? அவள் ஓட்டிக்கொண்டு போக விரும்பியது இந்தத் தெருவில், இந்த ஆட்களின் முன்னால்.

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. அவளிடம் இருக்கிறது. தனிஸ்லாஸ் கைகளை விரித்து நடுத்தெருவில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் பூசை விட்டு வந்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இவ்வளவு நேரம் படித்ததால் நீங்களும் அதற்குள்தான் நிற்கிறீர்கள். தனி ஆளாக நிற்கிறவரைச் சுற்றிக்கொண்டு போக இந்தத் தெருவில் தாராளமாக இடமுண்டு. கூட்டமாக நீங்கள் எல்லோரும் நின்றால் இல்லை. பெண் கார் ஓட்டுவதில் எனக்கொன்றும் ஆட்சேபணை இல்லை, வேடிக்கை பார்க்கத்தான் நின்றேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். ஓரமாக ஒதுங்குவதென்றால் இப்போதே ஒதுங்குங்கள். அவள் கிளட்சிலிருந்து காலை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.